இன்னும் டெஸ்டிங்கில்தான்

பணம் கட்டிச் சரியாக நூற்று நாற்பத்தேழாவது நாள், பிட்காயின் எடுக்கும் மெஷின் இண்டூருக்கு வந்து சேர்ந்தது. அதை நம்பி ஓசூர் வேலையை விட்டிருந்த அந்தோணி பிரகாஷ் பெட்டிக்கு மாலையே போட்டுவிட்டான்.

இத்தனை நாளும் கம்பெனிக்காரரோடு போனில் ஒரே பேச்சுதான்.

“நாளாக ஆக போட்டி கூடிக் கிடைக்கிற காயின் கம்மியாயிடுமேங்க, சீக்கிரம் அனுப்புங்க.”

“டெஸ்டிங்ல இருக்குதுங்க. அவசரம்னா வேற கம்பெனியில வாங்கிக்கங்க.”

அந்த மெஷினுக்கு உள்ளே இருக்கும் சிப்பைச் செய்யும் கம்பெனிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். புதிதாக ஒருவர் இறங்குவதென்றால், தர்மபுரி மாவட்டத்தையே விற்றாலும் முதலுக்குப் போதாது. கம்பெனிக்காரரின் தாராள மனசுக்கு அதுதான் காரணம்.

“அஞ்சு மாசம் டெஸ்ட் பண்ணியிருக்கான். என்னா அக்கறை பாரு!” என்று பூரித்தான் அந்தோணி.

இயற்பியல் படித்த தங்கை அருள்ராணி மெஷினை லேப்டாப்பில் இணைத்தாள். அதில் பதிவாகியிருந்த கணக்கை இரண்டு முறை படித்தாள்.

“என்ன அருளு, எல்லாம் சரியா இருக்குதா?”

“மூவாயிரத்து முந்நூத்திப் பன்னண்டு மணி நேரம் ஓடியிருக்குதுண்ணா. நூத்தி முப்பத்தெட்டு நாள். வழியில வந்த ஒம்போது நாள்தான் சும்மா இருந்திருக்குது. மத்த நாளெல்லாம் நம்ம மெஷின் அவங்களுக்குக் காயின் எடுத்துக் குடுத்திருக்குது.”