வளையலும் ஹாரனும்

முதலில் பேட்டரி வயரைக் கழற்றினாள்.

பிறகு காருக்குள் ஏறி, ஸ்டீயரிங்கின் நடுவில் இருந்த ஹாரன் பட்டனை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினாள். ஏழு மாத வயிறு குறுக்கே நின்றது. கை நிறைய நேற்றைய வளைகாப்பு வளையல்கள். பிரசவம் வரைக்கும் கழற்றக் கூடாது என்பது அத்தையின் உத்தரவு.

அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

நேற்று பெண்கள் சுற்றி நின்று வளையல் அடுக்கியபோது அத்தை வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"குலுக்கு கண்ணு. உள்ள இருக்கற புள்ளைக்குச் சத்தம் கேக்கட்டும்."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கூடத்தில் எல்லா உதடுகளும் நின்றுபோயின. அவளைப் போலவே அவள் அண்ணனுக்கும் காது கேட்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பிள்ளைக்கு எப்படியோ, அது பிறந்த பிறகுதான் சொல்ல முடியும் என்று டாக்டர் கையை விரித்ததும் தெரியும்.

அவள் குலுக்கவில்லை.

இன்று தாய்வீட்டுக்கு, ஏற்காட்டுக்குப் புறப்பட வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் ஹாரன் இல்லாமல் ஏறுவது உயிரோடு விளையாடுவது. கணவன் மாதேஷ் ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் ஹாரனோ, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக நாளுக்கு நாள் தேய்ந்து, போன வாரம் அடங்கியே போயிருந்தது.

மாதேஷ் அந்தக் காரைத் துடைப்பான், கொஞ்சுவான், ஓட்டுவான். கழற்றி மாட்டுவது பெண்டாட்டிதான்.

ஊமைக் காருக்குச் செவிட்டு மெக்கானிக் என்றார் பக்கத்து வீட்டுக்காரர், அவள் பார்ப்பது தெரியாமல். உதட்டைப் படித்துவிட்டுச் சிரித்தாள். பொய் ஒன்றும் இல்லையே.

ஸ்டீயரிங் நின்ற நிலைக்குச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். நடு நட்டைத் தளர்த்தினாள். முழுக்கக் கழற்றவில்லை. கடைசி இரண்டு மரைச் சுற்றில் நிற்க வைத்தாள். இறுகிக் கிடக்கும் ஸ்டீயரிங் சொல்லிக்கொண்டு விடாது. விட்டால் நெஞ்சில் வந்து அடிக்கும். இன்று நெஞ்சுக்கு முன்னால் வயிறு இருந்தது.

இறங்கிக்கொண்டு மாதேஷை உட்கார வைத்தாள். அவன் ஆட்டினான், இழுத்தான். திடீரென்று பிடி விட்டுப் பாய்ந்த ஸ்டீயரிங், நட்டில் முட்டி நின்றது. அவன் நட்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஸ்டீயரிங்கைக் கழற்றி எடுத்ததும் அடியில், ஹாரனுக்கு மின்சாரம் கடத்தும் ஒரு செம்பு வளையம். அதுவும் வளையல் மாதிரிதான். கறுத்துப் போயிருந்தது. உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்கச் சிவந்து மின்னியது.

எல்லாவற்றையும் கோடு பார்த்து மாட்டினாள். பேட்டரி வயரைச் சேர்த்தாள். வழக்கமாக பானெட்டில் உள்ளங்கையை வைத்துத்தான் ஹாரனைச் சோதிப்பாள். இன்று கையெல்லாம் கரி. மதில் ஓரத்துக் குழாய்க்கு நடந்தாள்.

மாதேஷுக்கு ஏது பொறுமை. அழுத்திவிட்டான்.

முருங்கையிலிருந்து காக்கைகள் எழுந்தன. வாசலில் அத்தை காதைப் பொத்தினாள்.

ஹாரன் அடிக்கிறது என்று புரிந்தது.

அதே நொடியில் உள்ளே ஒரு துள்ளல்.

உதை இல்லை. உதை அவளுக்குத் தெரியும். புரளல் தெரியும். இது திடுக்கிடல்.

மண் அதிர்ந்ததா என்று பாதங்களைக் கேட்டாள். இத்தனை வருஷமும் அவள் உலகத்தைக் கேட்டது பாதங்களால்தான். இல்லை என்றன பாதங்கள்.

நம்புவதற்குப் பயமாக இருந்தது. காக்கைகளைப் பார்த்துத் தானே திடுக்கிட்டு, அதுதான் பிள்ளையிடம் போயிருக்குமோ?

காக்கைகள் திரும்பி வந்து அமரும்வரை காத்திருந்தாள். மாதேஷிடம் ஒற்றை விரலைக் காட்டினாள். இன்னொரு தடவை. பிறகு காருக்கு முதுகைக் காட்டி நின்று கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

ஒன்றும் இல்லை.

முகத்தில் வெயில். கையில் ஈரம்.

பிள்ளை துள்ளியது.

கண்ணைத் திறந்தாள். காக்கைகள் மறுபடியும் எழுந்துகொண்டிருந்தன.

பிறந்ததிலிருந்து, சத்தம் என்று ஒன்று வந்ததை யாராவது சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். இன்று சொன்ன ஆள் இன்னும் பிறக்கவே இல்லை.

உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாமிக்கு முன்னால் நின்றபோதுகூட அவளுக்கு இப்படி ஆனதில்லை.

மாதேஷ் கட்டைவிரலை உயர்த்திக் கேட்டான். சரியாயிடுச்சா? அவன் ஹாரனைத்தான் கேட்டான்.

போதும், அடிக்காதே என்று அவசரமாகக் கை காட்டினாள். பிள்ளை பயந்துகொள்ளும்.

பிறகு இரண்டு கைகளையும் வயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, வளையல்களைக் குலுக்கினாள். மெதுவாகத்தான். எவ்வளவு மெதுவாக என்று அவளுக்குத் தெரியாது.

வாசலில் அத்தை, காதைப் பொத்தியிருந்த கைகளை எடுத்தாள்.