நான்காவது பெயர்

வானொலியில் அன்று முழுநாள் இசை விழா. நேரடிக் கச்சேரிக்குச் சற்று முன் அறிவிப்பாளரின் தாளை அமிர்தவல்லி எட்டிப் பார்த்தாள். பாட்டு, வயலின், மிருதங்கம் என்று மூன்று பெயர்கள்தான் இருந்தன. கடம் வாசிக்கும் அவள் பெயர் இல்லை.

"இனி பேர் சேர்க்க நேரமில்லம்மா. கடம்தானே?" என்றார் நிலைய அதிகாரி.

பன்னிரண்டு வருடமாக அவள் கடத்தோடு பாடிவரும் பாடகர் சேஷாத்ரி, அது காதில் விழாதவர்போல் சுருதிப்பெட்டியைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஒலிபரப்பு தொடங்கியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு மணி நேரம் அவள் குறையில்லாமல் வாசித்தாள். தாள வாத்தியங்கள் மட்டும் மாறி மாறி வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்தது. மிருதங்கக்காரர் தன் முறையை முடித்துவிட்டு அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அமிர்தவல்லி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

பாடகரின் கை தொடையில் தாளம் போடும் சத்தம் மட்டும் வானொலி வழியே ஊரெல்லாம் கேட்டது. ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பால் அதிகாரி எழுந்து நின்று கைகளை ஆட்டினார்.

"வாசிம்மா," என்று மிருதங்கக்காரர் கிசுகிசுத்தார்.

அவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"கடம், மணமேல்குடி அமிர்தவல்லி."

பாடகரின் கை அந்தரத்தில் நின்றது.

"தாளத்த விடாதீங்கண்ணா," என்றாள். "இனிமேத்தான் வாசிக்கப் போறேன்."