சோப்பு எண்ணிய கைகள்

கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் ஒரு சோப்பும் ஒரு குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. காலையில் புதுசாகப் பிரித்து வைத்த சோப்பு, பந்திக்கு வந்த கைகளுக்கெல்லாம் தேய்ந்து தேய்ந்து மத்தியானத்துக்குள் வெற்றிலை கனத்துக்கு வந்துவிட்டது. அதில் அதற்கு வருத்தமே இல்லை.

"முந்நூறு கையைச் சுத்தமாக்கி அனுப்பியிருக்கேன். ஏம்ப்பா, ஒரு வார்த்தை பாராட்டக் கூடாதா?"

"பாராட்டலாம்ணே," என்று இழுத்தது குழாய். "மூக்கைச் சிந்தின கையாலதான் என்னைத் திறக்கிறாங்க. நீங்க கழுவிவிட்ட பிறகு என்னையே பிடிச்சு மூடுறாங்க. கோயில் வாசல்ல செருப்பு விடுற மாதிரிதான். வரும்போது அழுக்கை என்கிட்ட விட்டுட்டு, போகும்போது எடுத்துக்கிட்டுப் போறாங்க. செருப்பையாவது அவங்கவங்களுதைப் பார்த்து எடுப்பாங்க."

சோப்புக்கு மனசே விட்டுப்போயிற்று. இதற்காகவா இவ்வளவு கரைந்தோம்?

அப்போது பந்தி பரிமாறும் அம்மாள் ஒருத்தி அவசரமாக வந்தாள். கையை நுரைக்க நுரைக்கத் தேய்த்தாள். அந்த நுரையோடு குழாயைத் திறந்து மூடும் திருகையும் சுற்றித் தேய்த்தாள். கையைக் கழுவி, திருகின் மேலும் இரண்டு கை தண்ணீர் அள்ளி ஊற்றி, மூடிவிட்டுப் போனாள்.

காலையிலிருந்து பக்கத்திலேயே இருந்தும் சோப்பு அப்போதுதான் குழாயின் மேல் பட்டது.

"இப்ப எத்தனை கைண்ணே ஆச்சு?" என்று கேட்டது குழாய்.

"இப்பத்தான் ஒண்ணு," என்றது சோப்பு, நிம்மதியாகக் கரைந்தபடியே.