உப்பு போட்ட சாலை

“ரோடு பூரா உப்பு கொட்டியிருக்கான், ஆர்லீன்! இதையா எடுத்துட்டு வந்தீங்க?”

எல்டனுக்கு மூச்சு வாங்கியது. முட்டி வைத்தியத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவன், ஊன்றுகோலை வாசலிலேயே மறந்துவிட்டுக் கார் நிறுத்துமிடத்தின் குறுக்கே ஓடி வந்திருந்தான். காருக்காக ஓடினால் முட்டி வலிக்காது போலிருக்கிறது.

மூடியில்லாத காபிக் கோப்பையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன்.

“வேற எதை எடுத்துட்டு வர? பிக்அப் வண்டியைத்தான் வித்துட்டேனே.”

கதவின் கீழ்விளிம்பில் பூத்திருந்த உப்பை அவன் கையுறையால் துடைத்தான். குழந்தைக்கு மூக்குத் துடைப்பது போல. பெற்ற பிள்ளைக்கு அவன் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

அறுபத்திரண்டாம் ஆண்டு ராம்ப்ளர். சின்ன கார். எங்கள் கெனோஷாவிலேயே செய்தது. ஊரில் பாதிப்பேர் அங்கே அதைப் பாகம் பாகமாகப் பூட்டினார்கள். தொழிற்சாலையை மூடிய பிறகு அதே பாதிப்பேர் அதைப் பற்றிப் பேசியே பொழுதைப் போக்கினார்கள்.

அதில் முதல் ஆள் என் கணவர் நார்பர்ட்.

ஜூலை மாதமானால் ஏரிக்கரையில் பழைய கார்க் கண்காட்சி, மடக்கு நாற்காலி. சுற்றி ஒரே மாதிரி நீலச் சட்டை போட்ட கார் கிளப் கிழவர்கள், எல்டன் உட்பட. கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் சரித்திரம் சொல்வார். எல்லாரும் பெரிய பெரிய காருக்குப் பின்னால் தகட்டு வால் வைத்துக்கொண்டு அலைந்த காலத்தில் இதை யாரும் சீந்தவில்லையாம், செய்வதையே நிறுத்திவிட்டார்களாம். நாட்டில் காசுக்குத் தட்டுப்பாடு வந்ததும் பழைய அச்சுகளைத் தூசி தட்டி எடுத்து மறுபடி செய்தார்களாம்.

“செத்துப் பிழைச்ச கார்!” என்று பானெட்டைத் தட்டுவார். தட்டிய இடத்தில் கைரேகை விழுந்திருக்கும். உடனே துணியை எடுத்துத் துடைப்பார்.

அப்புறம் ஹீட்டர். இது மாதிரி ஹீட்டர் எந்தக் காரிலும் கிடையாதாம்.

அந்த ஹீட்டர் எங்கள் வீட்டில் ஒரு குளிர்காலத்தையும் பார்த்ததில்லை. பனியை உருக்கச் சாலையில் முதல் உப்பு விழும் அன்று கார் போர்வைக்குள் போகும். ஏப்ரல் மழை உப்பைக் கழுவிய பிறகுதான் வெளியே வரும். உப்புப் பட்டால் துருவேறி உதிர்ந்துவிடுமாம். தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் மாட்டிறைச்சி தின்கிறவன்கூட இந்தச் சட்டத்தை மீறமாட்டான்.

“சாவியைக் குடுங்க, ஆர்லீன். கிளப்புல வச்சுப் பாத்துக்கறோம். நார்பர்ட் ஞாபகார்த்தமா ஜூலைல முன்வரிசைல நிறுத்தறோம். இன்னும் ரெண்டு வாரம் இப்படி ஓட்டினீங்க, அடித்தகடே இருக்காது.”

“இல்லாமப் போகட்டும்.”

“நார்பர்ட்டுக்குத் தெரிஞ்சா செத்துடுவார்!”

தான் சொன்னது அவன் காதிலேயே விழுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“அந்த வேலையை அவர் போன வருஷமே முடிச்சுட்டார், எல்டன்.”

போன பிப்ரவரியில். சமையலறை மேசையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. பனியில் ஊர்ந்து ஊர்ந்து ஆம்புலன்ஸ் வந்தபோது அதற்கு வேலை இருக்கவில்லை.

எல்டன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான்.

“அன்னிக்கு மட்டும் அந்த பிக்அப் கிளம்பியிருந்தா...”

அடக்கம் முடிந்த பிறகு நீலச் சட்டைக்காரர்கள் எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். ஒரு கையில் ஹாம் சாண்ட்விச், இன்னொரு கையில் என் கை. பாட்டரி பற்றி அத்தனை பேருக்கும் ஒரு கருத்து இருந்தது.

அவன் கண் என்னைத் தாண்டி உள்ளே போனது.

“இதென்ன, பக்கத்து சீட்டைப் படுக்கப் போட்டிருக்கீங்க? கீல் போயிடும்!”

நார்பர்ட் சொல்லும் சரித்திரத்தில் அவருக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். பிடியை இழுத்தால் இருக்கை கட்டிலாகிவிடும். வருகிறவர்களுக்கெல்லாம் இழுத்துக் காட்டுவார். யாரையும் படுக்க விட்டதில்லை. தையல் விட்டுப்போகும்.

“உள்ள யாரைப் பாக்க வந்தீங்க? யாருக்கு உடம்பு சரியில்ல?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. வீட்டுலேர்ந்து இங்க வரேன். திரும்பிப் போயிடறேன். தினமும்.”

“எதுக்கு?”

“பிக்அப் கிளம்பலையேன்னு எத்தனை பேர் வந்து அழுதீங்க. அதுக்குப் பக்கத்துலயே டாங்க் நிறைய பெட்ரோலோட இன்னொண்ணு நின்னுச்சே. அதைப் பத்தி ஒருத்தனாவது கேட்டீங்களா?”

எல்டன் மறுபடி கதவுப் பக்கம் குனிந்து உப்பைத் துடைத்தான்.

“நான் கேட்டேன். சாவியைக் கையில வச்சுக்கிட்டு, எழுந்திருங்க போகலாம்னு கேட்டேன். இப்ப நீ ஓடி வந்து ரோடு பூரா உப்புன்னு சொன்னியே, அதையேதான் அவரும் சொன்னார். மேசையைப் பிடிச்சுக்கிட்டு நகரமாட்டேன்னுட்டார்.”

எல்டன் சாலையைப் பார்த்தான். உப்பு லாரி ஒன்று பின்னால் இறைத்துக்கொண்டே போயிற்று.

“மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க, ஆர்லீன். அன்னிக்கும் இதே மாதிரி பனி. நீங்க ஓட்டிட்டு வந்திருந்தாலும் நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது.”

அவன் அதை நிஜமாகவே நம்பினான். அவர்கள் எல்லாரும் நம்புவார்கள். ஜூலையில் முன்வரிசையில் நிறுத்திவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நம்புவார்கள்.

முழங்கால்களுக்கு நடுவிலிருந்த கோப்பையை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினேன்.

“குடி. இதே பனியிலதான் வந்தேன். கிளம்பறப்போ வீட்டு அடுப்புலேர்ந்து ஊத்தினது.”

வாங்கினான். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாய் குடித்தான்.

சட்டென்று உதட்டை விலக்கிக்கொண்டான்.

சுட்டுவிட்டதா என்று நான் கேட்கவில்லை.