துரையின் விக்கெட்

எல்லிஸ் தொப்பியைக் கழற்றி எதிரணிக்கு வணக்கம் சொல்லிவிட்டு மட்டையை ஊன்றினான்.

ஸ்லிப்பில் யாரோ சிரித்தார்கள்.

அவனுக்கு இருபத்து நான்கு வயதுதான். உடுப்பு மட்டும் அவன் தாத்தா காலத்துக்கும் முந்தையது: பாலாடை நிறக் கம்பளிக் கால்சட்டை, இடுப்பில் பெல்ட்டுக்குப் பதில் ஒரு பட்டு டை, எண்ணெய் வைத்து நேர்வகிடெடுத்த தலை. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷரில் எங்கள் பக்கத்துப் பையன்கள் அவனுக்கு வைத்த பெயர் துரை.

இன்னும் மூன்று ரன் எடுத்தால் கோப்பை எங்களுக்கு. நான் பிறந்ததிலிருந்து எங்கள் ஊர் பார்க்காத கோப்பை. மறுமுனையில் நின்ற நான்தான் கடைசி ஆள்.

பந்து போட வந்தவர் அவனுடைய அப்பா டெரி. பக்கத்து ஊர் அணி. கூரைக்கு ஓடு வேய்கிறவர். பிள்ளையின் கோலத்தைக் கேலி செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"என்ன துரை, வெள்ளித்தட்டுல வச்சுப் போடட்டுமா?"

"தங்கள் சித்தம், ஐயா," என்றான் எல்லிஸ்.

ஜூலை மாதத்து முடிவில்லாத மாலை. தேவாலயத்தின் நிழல் ஆடுகளத்தின் பாதிவரை வந்து அங்கேயே தூங்கிவிட்டது. குருவிகள் புல்லை உரசிப் பறந்தன. மைதானமே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல எல்லாச் சத்தமும் தூரத்திலிருந்து வந்தது.

டெரி ஓடி வந்தார். பந்தைப் பிடித்த கை நடுங்கியது.

போன குளிர்காலத்தில் தொடங்கிய நடுக்கம். கூரை ஏறுவதை நிறுத்தியாயிற்று. கிரிக்கெட்டும் இன்றோடு சரி என்று எல்லிஸின் அம்மா தேநீர் இடைவேளையில் சொல்லியிருந்தார்.

பந்து மட்டையோரமாகப் போனது. 'டிக்' என்று ஒரு சத்தம். கீப்பர் பிடித்துவிட்டார். டெரி கைகளை விரித்துக் கத்தினார்.

அம்பயர் தலையாட்டி மறுத்தார்.

எல்லிஸ் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினான்.

"டேய், நில்லுடா! அவரே அவுட் குடுக்கலடா!" எல்லைக்கோட்டிலிருந்து எங்கள் கேப்டன் டங்கன் அலறினான்.

பட்டால் நடந்துவிடுவான் எல்லிஸ். எல்லோருக்கும் தெரியும். தீர்ப்புக்குக் காத்திருப்பது கனவானுக்கு அழகல்ல என்பான்.

டெரி பாதி வழியில் அவனை மறித்தார்.

"நெசமாவே பட்டுச்சாடா?"

"பட்டுச்சுப்பா."

டெரி குதித்தார். யார் யாரோ ஓடிவந்து அவரைத் தோளில் தூக்கினார்கள். அவர் இரண்டு கைகளையும் ஆட்டினார். அந்த ஆட்டத்தில் நடுக்கம் எது, சந்தோஷம் எது என்று யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் ஆட்கள் யாரும் எல்லிஸோடு பேசவில்லை. நான் மட்டும் கூடவே நடந்தேன்.

பந்துக்கும் மட்டைக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்ததை நான் பார்த்திருந்தேன்.

"அந்தச் சத்தம், மட்டை உன் கால் பேடுல பட்டதுதானே?" என்று மெல்லக் கேட்டேன்.

எல்லிஸ் வானத்தை அண்ணாந்து பார்த்தான்.

"நாளையும் வானிலை இனிமையாகவே இருக்கும் என்று தோன்றுகிறது," என்றான்.