நஞ்சுக்கொடி கேட்டு வந்தவன்

ஆய்வுக்கூட வாசலில் பூமிநாதன் தோள்துண்டை இரு கைகளிலும் விரித்துப் பிடித்தபடி நின்றான். "பிள்ளையப் புதைக்கப் போறோம்மா. நஞ்சுக்கொடியையும் கூட வச்சுப் புதைக்கணும். குடுத்துருங்க."

குறைமாதப் பிள்ளைகள் ஏன் சாகின்றன என்று கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி அது. பிரசவத்தன்று நஞ்சுக்கொடியை அதற்குத் தரச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் அவன்தான், வாங்கிக்கொண்டவள் ஆய்வாளர் ஜெசிந்தா. திருப்பித் தர முடியாது என்றும் அந்தத் தாளில் இருந்தது. யார் படித்தார்கள்? நகக்கண் அளவுத் துண்டுகளாக அவள் நஞ்சுக்கொடியை நறுக்கி, முப்பது குப்பிகளில் போட்டு, மைனஸ் எண்பது டிகிரியில் உறைய வைத்திருந்தாள். குப்பிகளில் பேர் கிடையாது, எண் மட்டும்தான்.

இதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். அவன் விரித்த தோள்துண்டு அப்படியே இருந்தது. உள்ளே போய் ஃப்ரீசரைத் திறந்தாள். வெண்புகை முகத்தில் அடித்தது. வெறுங்கையைச் சுட்டுவிடும் குளிர். தடித்த கையுறையால் ஒரே ஒரு குப்பியை எடுத்து வந்து துண்டில் வைத்தாள்.

"கையால தொடாதீங்க" என்று அவள் சொல்வதற்குள் அவன் அதை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டான். அவன் முகம் மாறியது.

"சுடுதேம்மா" என்றான். "இன்னும் சூடு ஆறலையே. அதுக்குள்ள குழி வெட்டச் சொல்லிட்டனே."