முகம் வெளுக்க ஒரு நிறம்

"இன்னும் உயிர் இருக்கு," என்றான் தேகுன், மனைவியின் முகத்தை உற்றுப் பார்த்து. "பத்தாது. கன்னத்துல லேசா ரத்தம் ஓடுது."

நாரே கழுத்தடியில் இருந்த பச்சைத் துணியை உருவி எறிந்தாள். ஆரஞ்சுத் துணியை எடுத்துத் தாடைக்குக் கீழே விரித்தாள். கண்ணுக்கடியில் கருவளையம் இறங்கியது. உதடு சாம்பல் பூத்தது.

"ஐயோ!" தேகுன் ஓரடி பின்வாங்கினான். "இதுதான். இந்த நிறத்துல நீ விடியற வரைக்கும் தாங்க மாட்ட."

அவளுடைய தொழிலைத்தான் அவள் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தாள். முகத்தடியில் துணி வைத்துப் பார்த்து, யாருக்கு எந்த நிறம் பொருந்தும், எது ஆகாது என்று சொல்வாள், வீடியோவும் போடுவாள். நகரத்தில், மாப்போ பகுதியில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் சின்ன அறைதான் கடை. அதற்கு முன்னால் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பொய் நோயாளிகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தாள்.

அந்த வேலையை விட்டபோது மாமியார் கொதித்துப்போனார். "கௌரவமான உத்தியோகத்த விட்டுட்டு கந்தல் துணி ஆட்டப் போறியா? அத வீடியோ வேற எடுத்துப் போடறியாமே? சொந்தக்காரங்க பாத்தா நான் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?"

கடை தொடங்கியதிலிருந்து ஈயோட்டிக்கொண்டிருந்தவளுக்கு இந்த சுசோக் அறுவடைத் திருநாள் விடுமுறைக்குத்தான் முதல்முறையாக எல்லா நாளும் ஆள் பதிவாகியிருந்தது. அதே விடுமுறையில்தான் தொலைவில் அந்தோங் ஊரில், மாமியார் வீட்டில் முன்னோருக்குப் படையல். மூத்த மருமகளான அவள் அடுப்படியில் குந்தி, மீனையும் பூசணியையும் மாவில் தோய்த்துத் தோய்த்துப் பொரித்தாக வேண்டும்.

"வர்றவங்களத் திருப்பி அனுப்பினா வேற கடைக்குப் போயிடுவாங்க. அப்புறம் நான் பழைய கம்பெனி வாசல்லதான் போய் நிக்கணும்," என்றாள் நாரே.

"அம்மா படையலுக்கு வராதவங்கள மன்னிக்கவே மாட்டாங்க. பொணமா இருந்தா ஒருவேளை விடுவாங்க. நல்லா இருமு."

"இருமவே கூடாது. பொய் நோயாளிதாங்க இருமுவான். நெஜ நோயாளி, எனக்கு ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவான். நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!"

அவள் விளக்கைத் தலைக்கு நேர்மேலே திருப்பிவைத்து, மாமியாரை வீடியோவில் அழைத்தாள்.

திரையில் மாமியார் முகம் தெரிந்ததும் நாரே அலறிவிட்டாள். குப்பை கொட்டப் போனாலும் உதட்டுச் சாயம் பூசாமல் கதவைத் திறக்காதவர், வெறும் உதட்டோடு, கழுத்தைச் சுற்றிய கடுகு மஞ்சள் துணிக்கு மேலே வெந்த முள்ளங்கி மாதிரி வெளிறிக் கிடந்தார்.

"அத்தை! என்ன ஆச்சு உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "உனக்கு என்னம்மா ஆச்சு?"

"எனக்கும் ஒண்ணுமில்ல அத்தை."

இருவரும் ஒருவரையொருவர் திகிலோடு பார்த்துக்கொண்டார்கள்.

மாமியார்தான் முதலில் பேசினார். "இந்தத் தடவை படையல் வேணாம்னு உங்க மாமா சொல்லிட்டார். யாரும் வராதீங்க."

வெள்ளம் வந்து பாலம் அடித்துக்கொண்டு போன வருடம்கூடப் படையலை நிறுத்தாத வீடு. அதையே நிறுத்துகிறார்கள் என்றால் இது சாதாரண நோயாக இருக்காது. கேட்காமலே வேண்டியது கிடைத்தும், நாரேவுக்கு அழுகைதான் வந்தது.

"பதிஞ்சவங்க எல்லார்கிட்டயும் வராதீங்கன்னு சொல்லிடறேன். கடை போனாப் போகுது. ஏங்க, காரை எடுங்க!"

தேகுன் சாவியைத் தேடி ஓடினான்.

"வராதீங்க!" மாமியார் கத்தினார். இம்முறை குரல் கிணற்றிலிருந்து வரவில்லை. "தொத்திக்கும்!"

"தொத்தினாத் தொத்தட்டும். சாயங்காலத்துக்குள்ள வந்துடறோம்."

"சாயங்காலம் வீட்டுல ஆள் இருக்காது!"

"அய்யோ, ஆஸ்பத்திரியில சேரப் போறீங்களா? எந்த ஆஸ்பத்திரி அத்தை?"

மாமியார் மஞ்சள் துணியைக் கழுத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டார்.

அந்த நேரத்தில் அவருக்குப் பின்னால் மாமனார் வந்து நின்றார். படையல் மேசையில் ஒரு பேரிக்காய் இடம் மாறினாலும் முன்னோர் கோபிப்பார்கள் என்று சத்தம் போடுகிறவர். பூப்போட்ட அரைக்கைச் சட்டையும் வெயில் கண்ணாடியுமாக இருந்தார்.

"ஏய், என் நீச்சல் டிரவுசர எந்தப் பெட்டியில வெச்ச? வியட்நாம் போய்த்தான் புதுசு வாங்கணுமா?"

தேகுன் கையில் சாவியோடு அப்படியே நின்றான். மாமனார் திரையைக் கவனித்துவிட்டு, வந்த வழியே பின்னோக்கி நடந்து மறைந்தார்.

நாரே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காப்பீட்டு நிறுவனத்தில் இருந்த காலம் முழுக்க எந்த நோயாளியும் அவளை இப்படி ஏமாற்றியதில்லை.

"சரி அத்தை, நல்லபடியா போயிட்டு வாங்க," என்றாள். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. "ஆனா முகம் மட்டும் எப்படி இவ்வளவு வெளுத்துச்சு?"

மாமியார் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"உனக்கு வெளுத்த மாதிரிதான். உன் வீடியோ ஒண்ணையும் நான் விடறதில்லையே!"